மேரிக்கும் ஜெயராமனுக்கும் ஒரே இனிஷியல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விழுப்புரம் ஆபீஸில் உட்கார்ந்தபடியே இரண்டு பேரை நான் சொந்தக்காரர்களாக்கினேன். அவர்களைக் கேட்காமலேயே.

விஷயம் இதுதான். பம்ப்செட் விற்கும் எங்கள் கம்பெனியில் லீவு, டிரான்ஸ்ஃபர், கொள்முதல்... எல்லா விண்ணப்பமும் இப்போது ஒரே சாஃப்ட்வேர் வழியாகத்தான் ஓடுகிறது. இரண்டு நாள் டிரெய்னிங் போய்வந்த ஒரே குற்றத்துக்காக, ஐம்பதை நெருங்கும் என்னை அதற்கு நிர்வாகி ஆக்கிவிட்டார்கள். 'இப்படி வந்தால் அப்படிச் செய்' என்று விதி எழுதி சர்வரில் வைப்பது என் வேலை. நீங்கள் கம்ப்யூட்டரில் அழுத்தினாலும் சரி, பஸ்ஸில் தொங்கியபடி செல்போனில் அழுத்தினாலும் சரி, தகவல் சர்வரைத் தொட்டதும் விதி பாய்ந்துவிடும். யாரும் தப்ப முடியாது. வீட்டில் என் பேச்சை மிக்ஸிகூடக் கேட்பதில்லை. இந்த அதிகாரம் எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் உண்டா?

அந்த வாரம் மும்பை தலைமை அலுவலகம் ஒரு விதி கேட்டது. சொந்தக்காரர் விண்ணப்பத்துக்குச் சொந்தக்காரரே ஒப்புதல் தரக்கூடாது. சரி, சொந்தம் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? 'கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால்' என்றார்கள். எழுதினேன். மும்பை ஆபீஸின் ஒரு ஷாவையும் இன்னொரு ஷாவையும் வைத்துச் சோதித்தேன். பிரமாதமாக வேலை செய்தது.

நம் ஊரில் கடைசிப் பெயர் கட்டத்தில் என்ன நிரப்புவோம்? இனிஷியலை. இது எனக்குத் தெரியாதா? என் கட்டத்திலேயே அதுதான் இருக்கிறது!

ஆரோக்கியமேரி எங்கள் டெஸ்பாட்ச் பிரிவு. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எல்.கே.ஜி. படிக்கும் மகளைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஸ்கூலில் விடுவார். திண்டிவனம் கிளையில் ஒரே ஒரு இடம் காலி. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் மேனேஜர் ஒப்புதலோடு டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போயாக வேண்டும். ஐந்து அடித்தால் மும்பையின் விதி கதவைச் சாத்திவிடும். அதில் நான் கைவைக்க முடியாது.

மேனேஜர் ஜெயராமன் மனசார 'ஒப்புதல்' அழுத்தினார். திரையில் வந்தது... 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் உங்கள் உறவினர்.'

மேரியின் கணவர் அருளப்பன். ஜெயராமனின் அப்பா அப்பாதுரை. ஆக, ஏ. ஆரோக்கியமேரி, ஏ. ஜெயராமன். என் விதிக்கு இது போதாதா?

இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள்.

"இன்னா சார் பேஜாரு இது?" என்றார் ஜெயராமன். "நான் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்குப் போற ஆளு. இந்தம்மா ஞாயித்துக்கிழமை பூசைய உடாதவங்க. எந்தக் கல்யாணத்துல சார் நாங்க சொந்தமானோம்?"

மேரி சிரிக்கவில்லை. "புள்ள தூங்கிக்கினு இருக்கும்போதே கிளம்பி வந்துடறேன் சார். ஸ்கூல் கேட்டுல அம்மாவக் காணோமேன்னு தினம் அழுவுறாளாம். ஜல்தி ஏதாவது பண்ணுங்க சார்."

மணி நாலு இருபது.

விதியை அணைத்தேன். "இப்ப அழுத்துங்க" என்றேன். ஜெயராமன் அழுத்தப் போனார். பொத்தானைக் காணோம்! ஒருமுறை நிராகரித்தால் நிராகரித்ததுதான், மறுபடி திறக்கக் கூடாது – இதுவும் ஒரு விதி. எந்த மடையன் எழுதினான் என்று கேட்க வாயைத் திறந்து... மூடிக்கொண்டேன்.

அதைத் தேடினால் 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'டெஸ்ட் ஃபைனல்', 'டெஸ்ட் ஃபைனல் புதுசு' என்று வரிசையாக நிற்கின்றன. பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத் தெரியாத தகப்பன் நான். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். என் தோளுக்குப் பின்னால் ஜெயராமன், "நாலு நாப்பத்தஞ்சு... நாலு அம்பது..." என்று ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

"மூடறேன் சார். நாலு அம்பத்திரண்டு."

நான்காவதுதான் அது. அணைத்தேன். பொத்தான் வந்தது. அழுத்தினார். வட்டம் சுற்றியது... சுற்றியது... 'ஒப்புதல் அளிக்கப்பட்டது.' மணி நாலு ஐம்பத்தாறு! மேரி நாற்காலியில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். ஜெயராமன் மூன்று டீ சொன்னார்.

டீ வந்ததும் ஒரு சந்தேகமும் கேட்டார். "ஏன் சார், நம்ம ஸ்டோர்ஸ்காரரு லீவுக்கு நேத்துகூட அவரோட சொந்த மச்சான்தான ஓகே பண்ணாரு? அவங்கள உங்க சர்வரு ஒண்ணும் சொல்லலியா?"

சொல்லவில்லை. அவர்கள் இனிஷியல் வேறு. நம் பக்கம் பாதி சொந்தம் பெண் கொடுத்து, பெண் எடுத்து வருவது. என் விதி அந்நியர்களைப் பிடித்துவிட்டு மச்சான்களுக்கு வணக்கம் வைத்திருக்கிறது.

இப்போது அந்த விதி இல்லை. 'ஒப்புதல் தருபவர் உங்கள் உறவினரா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் விண்ணப்பம் வேறு மேனேஜருக்குப் போகும். அவ்வளவுதான். ஸ்டோர்ஸ்காரர் முதல் நாளே 'ஆம்' போட்டுவிட்டார். கேட்டால் சொல்கிறார்கள்! இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தத் திங்கட்கிழமை திண்டிவனம் கிளையிலிருந்து மேரி போன் செய்தார். அங்கே அவருக்கு முதல் நாள்.

"நானே ஸ்கூல் கேட்டு வரிக்கும் போய் உட்டேன் சார். கைய உதறிக்கினு உள்ள ஓடிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல சார்!"

அதற்கெல்லாம் சர்வரில் விதி எழுத முடியாது மேடம் என்றேன்.