ஆறாம் நாளுக்கு டீசல்

மீன் ஏற்றுகிற தொழிலில் காலை ஆறு மணி கழிந்து சொல்லப்படும் எந்த நியாயமும் விலைப்படாது.

பழைய வாகனம் ஒன்றை வைத்துக்கொண்டு டீசல் முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட தோழர்களே, நான் உங்களில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். முதலில் வாசித்தேன், பிறகு எழுதினேன், பிறகு சந்திகளில் ஏறி நின்று பேசினேன். அன்று என்னோடு நின்று பேசியவர்களில் சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், சிலர் பதவிக் கதிரையில் இருக்கிறார்கள். நான் பிக்கப்பில் இருக்கிறேன். அதுவும் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி ஏற்றிய அதே பிக்கப். விற்றுவிடச் சொல்லிப் பலர் புத்தி சொன்னார்கள். நான் எதையும் விற்றவன் அல்லன்.

ஐந்து நாளும் ஆறு நாளும்

டீசலை அட்டை பார்த்து அளந்து கொடுத்த காலம் அது. கொழும்புத்துறையிலிருந்து ஐந்து மீன்காரப் பெண்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றி, மருதனார்மடம் சந்தையில் இறக்குவது என் வேலை. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். கிழமைக்குக் கிடைக்கும் டீசலோ வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். சனிக்கிழமைதான் மீன் அள்ளுப்படுகிற நாள். இரண்டு சனிக்கிழமை என் பிக்கப் அசையவில்லை. மூன்றாவது சனியும் இடம் வெறுமையாகக் கிடந்தால் அதை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சந்தையில் சொல்லிவிட்டார்கள்.

ஐவருக்கும் தலைவி போன்றவள் றெஜினா. ஐம்பது வயது, கணீரென்ற குரல். ஒலிபெருக்கி வேண்டாத குரல். நான் அவளுக்கு எரிபொருள் நெருக்கடியின் வர்க்கக் காரணங்களை விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது காரணத்தில் இருந்தபோது அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"தோழர் அண்ணை, அரசாங்கத்தைக் கவிழ்க்கிறதைப் பிறகு பாப்பம். முதல்ல சனிக்கிழமை எங்களைக் கொண்டுபோய் இறக்குங்கோ. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, சின்ன லொறி ஒண்டு கேட்டு வைச்சிருக்கிறம்."

மெதுவாகப் போனால்

மெதுவாக ஓடினால் டீசல் மிஞ்சும் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. திங்கட்கிழமை அதைச் செயற்படுத்தினேன். இருவர் முன்னால் என் பக்கத்தில்; பின்தட்டில் இருந்த மூன்று பெண்களும் காலைப் பனிக்காகச் சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார்கள். நேரம் போகிறதே என்ற கவலையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒடுங்கிய வீதி. முந்த முடியாமல் எனக்குப் பின்னால் ஒரு வான், இரண்டு ஓட்டோ, நாலைந்து மோட்டார் சைக்கிள்.

சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். இத்தனை வருடமாக நான் போகும்போது ஒருவரும் எழும்பியதில்லை; மரியாதை தாமதமாக வந்தாலும் வந்ததே என்று தலையை அசைத்து ஏற்றுக்கொண்டேன். அப்போது ஒரு பொடியன் பின்பக்கமாக வந்து, "ஆரம்மா செத்தது?" என்று மெல்லக் கேட்டான். அதற்கு றெஜினா சொன்னாள்:

"மீன்தான் தம்பி. இந்த மனிசன் ஓடுற ஓட்டத்தில அது ரெண்டாந்தரமும் சாகப்போகுது."

இறக்கம்

மலைநாட்டில் எனக்கு ஒரு பழைய தோழர் இருக்கிறார். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தவர். இப்போது தேயிலைக் கொழுந்து லொறி ஓடுகிறார். தொலைபேசியில் என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, "இறக்கத்தில் காலைத் தூக்கிவிடு தோழர், வண்டி தானாக ஓடும், எனக்குப் பாதி டீசல் அப்படித்தான் மிஞ்சுது" என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் நான் இறக்கம் தேடினேன். நாற்பது வருடம் இந்தக் குடாநாட்டின் ஒழுங்கை ஒழுங்கையாக நோட்டீஸ் கொடுத்தவன், அது இவ்வளவு தட்டையானது என்பதை அன்றுதான் கவனித்தேன். ஒரு மதகடியில் கொஞ்சம் சரிவு இருந்தது. காலைத் தூக்கினேன். பிக்கப் நான்கு அடி ஓடி யோசித்து நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"யாழ்ப்பாணத்தில இறக்கம் வேணுமெண்டால் ஐயா, கிணத்துக்குள்ளைதான் விடவேணும்."

காற்று

ரயரில் காற்று குறைந்தால் டீசல் கூடக் குடிக்கும் என்றார்கள். அது உண்மையும்கூட. ஆனால் நான் எந்த உண்மையையும் அளவோடு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இல்லாதவன். நான்கு ரயருக்கும் கல்லுப்போல அடித்தேன். முதல் குழியிலேயே நண்டுப் பெட்டியின் மூடி திறந்து, ஏழெட்டு நண்டுகள் ஞானம்மாவின் மடியில் விழுந்தன. ஞானம்மா ஐவரிலும் வயது கூடியவள், கதை குறைந்தவள். நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு என் முதுகுப்பக்கக் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணை, நண்டுக்கு இவ்வளவு விடுதலை வேண்டாம்."

பாரம்

தேவையில்லாத பாரத்தை இறக்கினால் டீசல் மிஞ்சும். இருக்கைக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள் றெஜினா. உள்ளே இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள், ஒரு பழுதான அம்பிளிஃபையர், கொடிக்கம்புகள் ஒன்பது, கொடுக்காமல் மிஞ்சிய துண்டுப்பிரசுரக் கட்டுகள் பதினொன்று. "இதெல்லாம் தேவையில்லாத பாரமோ?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் ஒரு கொடிக்கம்பை எடுத்து என் கையில் தந்தாள். குழல்களையும் கம்புகளையும் வீட்டில் இறக்கிவைத்தேன். கட்டுகளைப் பார்த்து, "மீன் சுத்த ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நிக்கிறம்" என்றாள். அதுவும் உண்மைதான், பத்திரிகையே ஒல்லியாகிப்போயிருந்த காலம். எழுதியது வாசிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடப்பதைவிட மீனோடாவது வீடுகளுக்குப் போகட்டும் என்று கொடுத்தேன்.

அன்று சந்தையில் ஓய்வுபெற்ற வாத்தியார் போன்ற ஒருவர் திரளி மீன் வாங்கினார். சுற்றிக் கொடுத்த கடதாசியை விரித்து, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். என் எழுத்தை ஒருவர் முழுவதும் வாசிப்பதை நான் அன்றுதான் நேரில் கண்டேன். நெஞ்சு நிமிர்ந்தது. அவர் நிமிர்ந்து றெஜினாவைப் பார்த்தார்.

"பிள்ளை, இதில பெரிசாய் 'விலையைக் குறை' எண்டு போட்டிருக்கு. நீங்களே அச்சடிச்சுத் தந்திருக்கிறியள். இப்ப உந்தத் திரளியின்ரை விலையைக் குறையுங்கோ பாப்பம்."

வரிசை

டீசல் வரிசையில் யாரும் எஞ்சினை இயக்குவதில்லை. வரிசை அசையும்போது பக்கத்தில் நிற்பவர்கள் சேர்ந்து தள்ளிவிடுவார்கள். கிழமைப் பங்கில் மிச்சப் பாதியை வாங்கப் போன புதன்கிழமை, வெயிலில் ஒரு மைல் நீளத்துக்கு மக்கள் நின்றார்கள். இப்படி ஒரு கூட்டத்தை என் வாழ்நாளில் நான் கூட்டியதில்லை. சும்மா இருக்க முடியுமா? ஒரு பொடியனைச் சுக்கானில் இருத்திவிட்டு, பின்தட்டில் ஏறிப் பேசத் தொடங்கினேன். கைதட்டல்கூட விழுந்தது.

வரிசை அசைந்தது. ஐந்து பேர் என் பிக்கப்பைத் தள்ளினார்கள். அசையவில்லை. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். முனகிக்கொண்டு அசைந்தது. கைப்பிறேக் இறக்கித்தான் இருக்கிறது என்று மேலே நின்றபடியே சத்தியம் செய்தேன். சாரத்தை மடித்துக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் வியர்வையைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, பேச்சு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கீழை இறங்கிப் பேசினால் தள்ளுறவைக்கும் கேக்கும்."

ஐஸ் பங்கீடு

வியாழக்கிழமை பின்தட்டில் சண்டை. சாரதிப் பக்கத்துப் பின் சில்லுக்கு மேலே வைக்கிற பெட்டியில் எப்போதும் ஐஸ் முதலில் கரைந்துவிடுகிறது, மீன் தளர்ந்துபோகிறது. அந்த இடம் வழமையாக ஞானம்மாவுக்கு. ஏன் எனக்கு மட்டும் என்று அன்றுதான் அவள் வாய் திறந்தாள். அநீதி என்று கேட்டால் எனக்கு இரத்தம் சூடேறும். வாகனத்தை ஓரங்கட்டினேன். ஒரு துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன்: அந்த இடத்தில் ஒரு நாளைக்கு ஒருவருடைய பெட்டி, முறை வைத்து. இழப்பு ஐவருக்கும் சமம். வாசித்துக் காட்டிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். ஞானம்மா அட்டவணையை வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நல்ல காரியம் அண்ணை. ஆரார் எரியவேணும் எண்டு முறை போட்டிட்டியள். நெருப்பு எங்கை கிடக்கெண்டு ஒருக்கால் குனிஞ்சு பாக்கமாட்டியளோ?"

குனிந்து பார்த்தது

குனிந்து பார்த்தவள் றெஜினா. மருதனார்மடத்தில் பெட்டிகள் இறங்கியதும் நான்கு சில்லுகளையும் கையால் தொட்டுக்கொண்டு வந்தாள். மூன்றில் கை வைத்தாள். நான்காவதில் வைத்த கையை "ஐயோ மாதாவே" என்று உதறினாள். சந்தியில் கராஜ் வைத்திருக்கும் குகனிடம் கொண்டுபோனோம். அவன் அந்தச் சில்லை ஜாக்கில் தூக்கிவிட்டுச் சுற்றச் சொன்னான். என்னால் சுற்ற முடியவில்லை. மற்றச் சில்லைத் தூக்கித் தந்தான். அது ஒரு விரலுக்கே சுற்றியது.

வருடக்கணக்காக ஒழுகிய மீன் தண்ணீரில் கைப்பிறேக் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டது. உள்ளே நான் கைப்பிடியை இறக்கினாலும் அங்கே பிறேக் விடுவதில்லை. அரைவாசி பிடித்தபடியே ஓடியிருக்கிறேன். அந்தச் சூடுதான் தகட்டில் ஏறி ஐஸைக் கரைத்திருக்கிறது. அந்த இழுவைதான் டீசலைத் தின்றிருக்கிறது. அரசாங்கம், பதுக்கல்காரர், உலக வங்கி என்று நான் வைத்திருந்த பட்டியலில் என் சொந்தச் சில்லு இருக்கவில்லை. குகன் புதுக் கம்பியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அண்ணை, மற்றவையின்ரை பிழையெல்லாம் இவ்வளவு வடிவாய் எழுதுவியள். உதிலை ஒரு சொட்டு எண்ணெய் விட உங்களுக்கு நேரம் கிடைக்கேல்லையே?"

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மத்தியானம் முள்ளைப் பார்த்தேன். அது விழுந்து படுக்கவில்லை. இருந்தாலும் நம்பிக்கை இல்லை, முள்ளும் பழையதுதானே. சனிக்கிழமை காலை ஐந்து பெண்களும் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்கள். ஞானம்மாவின் கையில் செபமாலை. சின்ன லொறிக்காரன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஹோர்ன்கூட அடிக்காமல் அவனைக் கடந்தேன். அதுவும் டீசல் சிக்கனம்தான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மருதனார்மடம். ஐந்து இடமும் வெறுமையாகவே கிடந்தன. ஒன்றன் ஓரத்தில் மட்டும் யாரோ கத்தரிக்காய்ச் சாக்கை மெல்லத் தள்ளி வைத்திருந்தார்கள். றெஜினா அதைக் காலாலேயே அப்பால் நகர்த்திவிட்டுத் தன் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்திட்டம் தோழர் அண்ணை. இனி அந்த மூண்டாவது காரணத்தைச் சொல்லுங்கோ, மீன் வித்தபடி கேக்கிறம்."

மிஞ்சியது

அடுத்த கிழமை, சனி ஓட்டம் முடிந்தும் டீசல் கொஞ்சம் மிஞ்சியது. சேமிப்பு எல்லோருடைய உழைப்பிலும் வந்தது, ஆகவே அதை என்ன செய்வது என்பதை எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்கவேண்டும் என்று நானே சந்தையில் வைத்துக் கூட்டம் போட்டேன். அவசரத்துக்கு வைத்திருப்போம் என்பது என் பிரேரணை. நாளைக்குத் திருவிழா, ஐந்து குடும்பத்தையும் கோயிலுக்கு ஏற்றிப் போகவேண்டும் என்பது றெஜினாவின் பிரேரணை. மதத்தைப் பற்றி நான் எழுதிய நாலு பக்க வெளியீடு ஒன்று உண்டு. அதன் சாரத்தை எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டார்கள். வாக்கெடுப்பில் ஐந்து கைகள் ஒன்றாக உயர்ந்தன. ஒரு கை மற்றப் பக்கம், அது என்னுடையது.

ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் உட்படப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கினேன். நான் உள்ளே வரமாட்டேன், அது கொள்கை என்றேன். ஞானம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது என் தோளில் தட்டினாள்.

"வரவேண்டாம் அண்ணை, நாங்கள் உங்களுக்கும் சேர்த்து மன்றாடுறம். நீங்கள் வெளியில நிண்டு மற்ற மூண்டு சில்லையும் தொட்டுப் பாத்துக்கொண்டிருங்கோ."

நாற்பது வருடம் சந்தி சந்தியாக நின்று மக்களை ஒன்றுபடச் சொன்னவன் நான், தோழர்களே. அவர்கள் ஒன்றுபட்டதை என் கண்ணால் கண்ட நாளில் தோற்றவனும் நான் ஒருவன்தான்.