கேட்காமல் நினைத்துக்கொண்டது

என் தங்கை கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவளைப் பற்றி நல்லதைப் படிக்கவே விரும்புவீர்கள். நல்லது நிறைய உண்டு. அதன் நடுவே என்னைப் பற்றிய ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அவள் வாழ்க்கையை எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த பிறகு ஆம்பூரில் தங்கை பிறந்தாள். நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவன். அப்பா பள்ளி உபாத்தியாயர். என்னை மெட்ரிகுலேஷன் வரை படிக்க வைத்தார். அம்மா நோயில் விழுந்ததால் தங்கையை நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் அவள் வேலையாயின. நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

குடியாத்தத்தில் இருந்த பெரியம்மா தன்னைப் பார்க்க வரவில்லையே என்று அம்மாவுக்குத் தீராத மனக்குறை. "அவளுக்கு நான் செத்தா தேவலன்னு இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அம்மா கண்மூடினார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, பெரியம்மாவும் அதே மாதங்களில் கால் விழுந்து படுக்கையில் கிடந்தார் என்று. பன்னிரண்டு வயதுத் தங்கை அப்பாவைப் பார்த்து, "ஒரு ஆள அனுப்பிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அன்று முதல் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரைப் பற்றியாவது மனத்தில் ஒரு தப்பான எண்ணம் தோன்றினால், அன்றைக்கே போய் அவரிடமே கேட்டுவிடுவாள். சொன்ன பதிலை நம்பிவிடுவாள். அதோடு அந்த எண்ணத்தைத் தொடமாட்டாள். பக்கத்து வீட்டு பீபியம்மா ஒருநாள் கிணற்றடியில் முகம் கொடுக்காமல் போய்விட்டார். தங்கை குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

"இன்னா பீபியம்மா, மூஞ்சத் திருப்பிக்கினு போறே? நான் இன்னா பண்ணேன்?"

"அடிப் போடி! கடவாய்ப் பல்லு ரெண்டு நாளா உசுர எடுக்குது. வாயத் தொறந்தா சாவு. நீ வேற பேஜார் பண்ணாதே."

அன்று மாலை பீபியம்மா வீட்டுக்குக் கிராம்பு போயிற்று. முப்பது ஆண்டுச் சிநேகம் அந்தப் பல்வலியில்தான் கெட்டிப்பட்டது என்று பீபியம்மாவே சொல்வார்.

என் பழக்கம் வேறு. படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் கிடைக்காமல் நான் ஒரு தோல் மண்டியில் சேர்ந்தேன். பதனிட்ட தோல்களைத் தரம் பிரிப்பது என் வேலை. தோலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று அந்தந்த அடுக்கில் எறிய வேண்டும். குறையைத்தான் முதலில் தேட வேண்டும். ஒரு தோலுக்கு இரண்டு மூச்சு நேரம் போதும். ஏன் இப்படி ஆனது என்று யாரும் தோலைக் கேட்பதில்லை. இருபத்தைந்து வயதுக்குள் என் கை அதில் தேறிவிட்டது. முதலாளி சாயபு என்னை ஊர் முழுவதும் புகழ்ந்தார். கையோடு மனமும் அப்படியே தேறிவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற மனிதரையும் வாசற்படி ஏறுவதற்குள் ஏதோ ஓர் அடுக்கில் எறிந்திருப்பேன்.

தங்கையின் கணவரும் அதே மண்டியில் இருந்தார். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் தோலைக் கட்டையில் போட்டுக் கத்தியால் சதை வழிப்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் கோபக்காரர். ஒரு கோடையில் தொடர்ந்து பல தோல்களில் கத்திவெட்டு வந்தது. அது அவர் கைவரிசை என்று சாயபுவிடம் நான் சொன்னேன். அவரை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அப்போது கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நான் கேட்கவில்லை.

அவர் வேறு வேலை தேடி வாணியம்பாடிப் பக்கம் போயிருந்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நான் வீட்டில் தனியாக இருந்தேன். என் மனைவி பிறந்தகம் போயிருந்தாள். நடுப்பகலில் வாசலில் தங்கையின் குரல் கேட்டது.

"அண்ணா!"

புருஷனுக்காகச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவும் இல்லை. பழகிய கை தோலை எறிவதுபோல் மனம் அவளை எறிந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவள் போகிற காலடிச் சத்தம் கேட்டது.

அவள் தோளில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது. மூன்று நாள் காய்ச்சல். அழவும் அதற்குத் தெம்பில்லாததால் உள்ளே எனக்குச் சத்தம் கேட்கவில்லை. என்னிடம் ஒற்றை மாட்டு வண்டி இருந்தது. மதிய ரயிலுக்கு ஸ்டேஷனில் விடச் சொல்லி, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வந்தாள். வண்டி கிடைக்காமல் வெயிலில் குழந்தையைச் சுமந்து நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. மாலை ரயிலில், வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடி வருவதற்கு முன்பே, குழந்தை அவள் மடியில் இறந்துபோனது. வண்டி கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவள் மண்டி வாசலுக்கு வந்தாள். தன் பழக்கப்படி கேட்கத்தான் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வந்தேனே, நீ வூட்ல இருந்தியா?"

"இல்லம்மா. நாட்றம்பள்ளி போய்ட்டேன்."

என் முகத்தையே சற்றுப் பார்த்தாள். "சரி. நான் தப்பா நெனச்சிக்கினேன். மன்னிச்சிக்கோ அண்ணா" என்றாள்.

மன்னிப்பு அவள் கேட்டாள். நான் தலையாட்டினேன். கொட்டகையில் வண்டியும் மாடும் நின்றதை அன்று அவள் பார்த்திருக்கக்கூடும். இருந்தாலும் என் வார்த்தையை ஏற்றுக்கொண்டாள். அதன்பின் முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நடுப்பகலில் வாசலில் காலடி கேட்டால், அவள் கூப்பிடுவதற்குள் நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவேன். "இன்னா அண்ணா, எப்பவும் வாசல்லயே நிக்கிறே?" என்று சிரிப்பாள். இப்போதும் எழுந்து போகிறேன். வாசலில் யாரும் இருப்பதில்லை.

அவள் கணவர் பேரணாம்பட்டில் வேலை கிடைத்துச் சில ஆண்டுகள் நன்றாகவே இருந்தார். பிறகு பார்வை முழுவதும் போயிற்று. தங்கை தையல் தைத்து அவரையும் அதற்குள் பிறந்திருந்த மகனையும் காப்பாற்றினாள். மண்டி வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் மனத்தாங்கல்களை அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் நியாயம் சொல்லமாட்டாள். "அவளக் கேட்டியா? கேக்கலன்னா அது நீயா கட்டின கதை. போய்க் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவாள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. சண்டை வழியிலேயே தீர்ந்திருக்கும்.

கடைசி இரண்டு மாதம் நெஞ்சு நோயால் சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் படுத்திருந்தாள். மகனுக்குக் காட்பாடி ஸ்டேஷனில் குமாஸ்தா வேலை. வாரம் ஒருமுறை நான் அங்கே இறங்கித்தான் அவளைப் பார்க்கப் போவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லாம வச்சிருந்தா கஷ்டம். உனக்குத்தான் சொல்றேன்."

"மருந்து குடிச்சியா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் நான் போனபோது சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள்.

நோயில் அவளைத் தாங்கியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தள்ளாத வயதிலும் ஆம்பூரிலிருந்து வந்து இரண்டு வாரம் கூடவே இருந்து கஞ்சி ஊட்டிய பீபியம்மாவுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், மழையில் பெட்டியைச் சுமந்த ரயில்வே தொழிலாளர்களுக்கும், குழி வெட்டிய பெரியவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மருமகனிடம், தங்கையின் மகனிடம், கொடுத்தேன். இறந்த குழந்தை அவனுடைய அக்கா. வேண்டாம் என்றால் கிழித்துவிடச் சொன்னேன். என் எதிரிலேயே நின்று முழுவதும் படித்தான். பிறகு கேட்டான்:

"மாமா, அன்னிக்கு அம்மா எத்தினி தரம் கூப்ட்டாங்க?"

"மூணு தரம்."

"அழுதாங்களா?"

"இல்ல. மொத ரெண்டும் சத்தமா. மூணாவது மெதுவா. உள்ள இருக்கறவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி."

தாள்களை அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல அது இல்ல மாமா. அதையும் எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.