ஙகரத்தில் ஒரு பிள்ளை

போன வாரம் என் ஓரகத்தி ஏழு மாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, கைபேசியில் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டுமாம். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "யக்கா, இங்க வந்து பாரேன், வாயிலயே நுழைய மாட்டேங்குது. ஆப்பிரிக்காப் பேராம். ரொம்ப ரொம்ப அரிதுன்னு போட்டிருக்கான்" என்று கத்தினாள். போய் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் என், ஜி, ஏ, டி, ஹெச், ஏ, என். ஆண் குழந்தை. மூலம்: ஆப்பிரிக்கா. பொருள்: ஆட்டத்திலும் அசையாத தலைவன். கரண்டியும் கையுமாக நின்று சிரித்துவிட்டேன். "ஆப்பிரிக்கா இல்லடி, சிதம்பரத்துக்குப் பக்கத்துல குமராட்சி" என்றேன். அதற்குள் கடுகு கருகிப் போனது. அன்றைக்கு ரசத்தை யாரும் தொடவில்லை.

அந்தப் பெயர் ஙாதன். நாதன் இல்லை, ஙாதன். சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத இடமாக இருந்தால் நல்லது. அந்தப் பெயர் பிறந்தது என் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில். பொருள் எழுதியதும் நான்தான். ஆப்பிரிக்கா எப்படி வந்தது என்று கேட்பீர்கள், வருகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு கடலூர் முதுநகர். காலையில் பஸ் ஏறினால் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் குடிகாடு தாண்டும் வரை வண்டியே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும். கண்டக்டர் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டுதான் டிக்கெட் கிழிப்பார். அப்புறம் வயல் காற்று வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். கடையில் எனக்கு வேலை பயோடேட்டா அடிப்பது, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் அடிப்பது, ரிசல்ட் வரும் நாளில் நெட் போனதற்கெல்லாம் திட்டு வாங்குவது. 'ங்' என்று புள்ளி வைத்து ஒரு நாளைக்கு நூறு தடவை அடித்திருப்பேன். புள்ளி இல்லாத ங-வைத் தேடி யாராவது வருவார்கள் என்று கனவா கண்டேன்?

கிராம்புத் தைலம் எங்கே மணத்தாலும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். ஒரு வாரம் அந்தத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துப் பார்த்தும் கேட்காமல், காலையில் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்திருந்தேன். ஓனரிடம் லீவு கேட்கப் பயம். பஞ்சைக் கடித்துக்கொண்டு, மரத்த வாயோடு உட்கார்ந்திருந்தேன். ஆருத்ரா தரிசனம் முடிந்து நாலு வாரம் ஆகப்போகிறது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து, நாலாக மடித்த காகிதத்தை என் முன்னால் பிரித்து வைத்தார். அதில் ஒரே ஓர் எழுத்து. ங.

"இந்த எழுத்துல ஒரு ஆம்பளப் புள்ள பேரு வேணும் தங்கச்சி. நெட்டுல எல்லாம் இருக்குமாமே."

அவர் செல்வராசு அண்ணன், குமராட்சி ரூட்டில் மினிபஸ் ஓட்டுகிறவர். பிள்ளை பிறந்தது தரிசனத்தன்றே, திருவாதிரை நட்சத்திரம், மூன்றாம் பாதம். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு இல்லையா, அந்தப் பாதத்துக்கு வாய்த்தது ங. ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முதல் பாதத்துக்கான 'கு'வை எடுத்துக் குமார் என்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் அதையே காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"என் மச்சானும் அதத்தான் சொல்றாரு. மொத ரெண்டு புள்ளைக்கும் எழுத்தே பாக்கல, எங்களுக்குப் புடிச்ச பேரு வச்சோம். ஒண்ணு நாப்பது நாள் இருந்துச்சு. இன்னொண்ணு நாலு மாசம்." அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "இதுக்கு அதோட எழுத்துலதான் வைக்கணும்னு ஜோசியரு சொல்லிட்டாரு. கலாவும் அதையே புடிச்சிக்கிட்டு நிக்குறா. நாளன்னிக்கு முப்பதாம் நாளு, பேரு வைக்கணும்."

கலா அவர் மனைவி. நான் தேடினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், தெரியாத ஆங்கிலம் எல்லாம் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? அரிச்சுவடிப் படத்தில்கூட ங-வுக்கு நேரே சங்கு படத்தைப் போட்டுத்தானே சமாளிக்கிறார்கள்? இரண்டு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த மனிதரிடம் சங்கு என்று வாயைத் திறப்பேனா? அவர் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. 'அண்ணே, நடராஜர் ஊரு, பேசாம நாதன்னு வைங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாக்கு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்து விழுந்தது: "ஙாதன்."

"என்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"ஙாதன்."

அவர் சொல்லிப் பார்த்தார். மெதுவாக ஒரு தடவை, சத்தமாக ஒரு தடவை. அவருக்குப் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் சரியாக வந்தது. "பேரு இருக்கு பாரு தங்கச்சி! இருக்கு பாரு!" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து, ஐயோ அண்ணே, அது பேரு இல்ல, என் பல்லு என்று சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியவில்லை.

அர்த்தம் வேண்டும், நெட்டிலிருந்து ஒரு பிரிண்டும் வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் பெயர்ப் பட்டியல் தளங்களில் யார் வேண்டுமானாலும் புதுப் பெயரைச் சேர்க்கலாம், ஏன் எதற்கு என்று கேட்க நாதி கிடையாது. சாயங்காலம் உட்கார்ந்து ஆட்டத்திலும் அசையாத தலைவன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன், பொய்யிலும் கொஞ்சம் சிதம்பரம் இருக்கட்டுமே என்று. மூலம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் தமிழே இல்லை. இந்தியாவைத் தேடிக் கீழே இறங்குவதற்குள் கரண்ட் போகும் நேரம் வந்துவிட்டதால், முதலில் நின்ற ஆப்பிரிக்காவோடு அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் பிரிண்ட் கொடுத்தேன். ஃபாரின் பேரு என்று அண்ணனின் மாமனாருக்குப் பரம சந்தோஷமாம்.

அண்ணன் அதை லேமினேட் செய்து மினிபஸ்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின் கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டினார், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. லால்பேட்டையில் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்த பாய் சிங்கப்பூரில் இருந்து வந்தவர். "இந்த என் ஜியைப் பாத்தா அங்க என் சீனக்கார மொதலாளி ஞாபகம் வருது, அவரு பேரே இங்-தான்" என்றாராம். அந்தக் கண்ணாடியைப் பார்த்து அந்த ரூட்டிலேயே இன்னும் இரண்டு வீட்டில் ஙாதன் பிறந்தான். ஒரு வீட்டில் நட்சத்திரம்கூட வேறு, பஸ்ஸில் எழுதியிருந்தால் நல்ல பேராகத்தான் இருக்கும் என்று வைத்தார்களாம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, பஸ் ஸ்டாண்டில் அந்த வண்டியைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கலா பையனோடு கடைக்கு வந்தாள். அவனை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். மவுஸைக் கவிழ்த்து அடியில் இருந்த உருண்டையைக் கழற்றப் பார்த்தான், அவ்வளவு சேட்டை. "மொழிக்கு மொதல்ல இந்த எழுத்து வராது, சர்டிபிகேட்டுலயே தப்புன்னு வாத்தியாரு நாதன்னு எழுதிட்டாருக்கா" என்றாள்.

"மாத்தச் சொல்லி மனு அடிக்கணுமா?"

"அதுக்கு வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு அந்தப் பேரு வாயில வர மாட்டேங்குதுக்கா. அவரு வண்டிக்குப் போன ஒடனே நான் நாதான்னுதான் கூப்புடுவேன். கூப்புட்டுட்டு, ஓடிப் போயி அவன் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாப்பேன். அஞ்சு வருசமா இப்புடியே பாத்துக்கிட்டிருக்கேன். இனிமே பள்ளிக்கூடமே நாதன்னு கூப்புடப் போவுது. நான் எங்கன்னு ஓடிப் பாக்குறது? சொல்லுக்கா. அது நெசமாவே இருக்குற பேருதானா?"

அஞ்சு வருஷம்! நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த அஞ்சு வருஷமும் இவள் ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஞ்சு, மரத்த நாக்கு, ஆப்பிரிக்கா, ஒன்று விடாமல். அவள் என் தாடையையே பார்த்தாள். "பல்லா?" என்றாள். சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அப்ப நான் கூப்புட்டதால ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது கலா. அஞ்சு வருசமா நீதான கூப்புடுற? என் மவுஸு என்னா கதியாச்சுன்னு பாரு."

போகும்போது, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, தாங்க மாட்டார் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து அண்ணன் வந்தார். நான் முந்திக்கொண்டு, பெயரைத் திருத்தக் கோரி என்று மனு அடிக்க ஆரம்பித்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு இல்லையா, விரல் பறந்தது.

"மனு வேணாம் தங்கச்சி. நாதன்னே இருக்கட்டும்."

அடித்த வரைக்கும் அழிக்க ஆரம்பித்தேன்.

"அன்னைக்கி உன் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. வாயில பஞ்சு. எனக்குத் தெரியாதா?" அண்ணன் சிரித்தார். "தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டேன். கலா நம்பட்டும்னுதான் பிரிண்டு கேட்டேன். அவ தூங்கி ஒரு மாசம் ஆயிருந்துச்சு. இப்ப என்னா, அஞ்சு வயசு ஆயிடுச்சு. பொழச்சிக்கிட்டான். இனிமே எப்புடிக் கூப்புட்டா என்னா?" வாசல் வரை போய்த் திரும்பினார். "அவகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அண்ணே, மொதல்ல வீட்டுக்குப் போங்க. போயி ரெண்டு பேரும் எதிரெதிரா ஒக்காந்து, அந்தப் பேரப் பத்திப் பேசுங்க" என்றேன். சத்தியம் எல்லாம் அன்றோடு போச்சு. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகிப் புதுச்சேரி வந்துவிட்டேன். எல்லோர் கையிலும் போன் வந்ததும் கடையை மூடினார்கள், இப்போது அங்கே பிரியாணி. அந்த மினிபஸ்ஸும் இல்லை. மற்ற இரண்டு ஙாதன்களும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கே நாதன் ஆகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஊரை விட்டு வருவதற்கு முன்னால் ஒரு நாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கலாவைப் பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கொய்யாப்பழக் கூடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பையன் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஓடினான். "டேய் நாதா, ஓடாதடா!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காயாக இருந்த பழத்தைத் திருப்பிப் போட்டு வேறு பழம் பொறுக்கினாள்.