ஏலத்தில் வந்த கண்ணாடிப் பெட்டி

ஸ்ரீவைகுண்டத்தில் இன்றைக்கு எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தல் என்னுடையது. நாற்காலி என்னுடையது, சமையல் அண்டா என்னுடையது, கரண்டு போனால் உறுமுகிற ஜெனரேட்டர் என்னுடையது. சாவு விழுந்தாலும் அப்படித்தான். சாமியானாவும், சவத்தை வைக்கிற ஃப்ரீசர் பெட்டியும் என் கடையிலிருந்துதான் போக வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாடகை சைக்கிளின் பின்னால் நாற்காலிகளை அடுக்கிக் கட்டி, ஆற்றுப் பாலத்தில் எதிர்காற்றில் தள்ளிக்கொண்டு போனவன். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொந்தக்காரன் ஒருவனும் வரவில்லை. வெள்ளம் குடோனுக்குள் புகுந்து துணியெல்லாம் சேறானபோது, இவன் கதை முடிந்தது என்று டீக்கடையில் பேசினார்கள். முடியவில்லை. இத்தனையும் தனியாளாகச் செய்தேன், யார் முன்னாலும் கைகட்டி நிற்கவில்லை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் தனியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அதில் இன்னொருவர் இருந்தார். ஊர் அவரை மட்டும் சொல்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் மேலப்பாளையத்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எல்லோருக்கும் பாய், எனக்கும் பாய். ஒல்லியான ஆள். எந்த மெஷினைக் கொடுத்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல. வாய் மட்டும் சும்மா இருக்காது. என்னை இந்த ஊரில் நேருக்கு நேர் கேலி பண்ணத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இழுத்து மூடிய ஆஸ்பத்திரி ஒன்றின் சாமான்களை ஆன்லைனில் ஏலம் விடுகிறார்கள் என்று என் மருமகள் போனில் காட்டினாள். அதில் ஒரு ஃப்ரீசர் பெட்டி பளபளவென்று நின்றது. கண்ணாடி மூடி, அதைச் சுற்றிக் கறுப்பு ரப்பர், கீழே சக்கரம் வைத்த ஸ்டாண்டு. நான் மாந்தோப்பு ஏலம் எடுத்தவன், கோயில் தேங்காய் ஏலம் எடுத்தவன். எதிராளியின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தே எங்கே நிறுத்துவான் என்று சொல்லிவிடுவேன். இங்கே முகமே கிடையாது, திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. விடுவேனா? எடுத்தேன். பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். “போட்டாவப் பாத்துப் பொண்ணு எடுப்பாங்க. நீரு பெட்டியே எடுத்துட்டீரே, அண்ணாச்சி!”

பெட்டி வந்து சேர்ந்த அன்று அக்கினி நட்சத்திர வெயில். அந்த நாட்களில் வயசாளிகள் தாங்குவதில்லை. என்னிடம் இருந்த பெட்டிகள் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன, திருநெல்வேலி வரைக்கும் போன் போட்டும் எங்கேயும் ஒன்று சும்மா இல்லை. அன்று விடிகாலையில்தான் பெரிய டீச்சர் போய்விட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவர்கள். ஒரே மகன் குவைத்தில். அவன் மறுநாள் காலைதான் வாகைகுளம் ஏர்போர்ட்டில் வந்து இறங்க முடியும். வீட்டில் ஐஸ் பார்களை அடுக்கி வைத்திருந்தார்கள், அது வெயிலில் கரைந்து வாசல் வரை ஓடியது. டீச்சரின் தம்பி என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். லாரி வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்டபடி இருந்தார்.

லாரி வந்தது. பலகைக் கூட்டைப் பிரித்தோம். சக்கர ஸ்டாண்டு வரவேயில்லை. மூடியின் ரப்பரை யாரோ உரித்து எடுத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து நடுப்பாதி வரை கோணலாக ஒரு விரிசல். மருமகள் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துவிட்டு, விற்றவனுக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

“மாமா, எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லுதாங்க. பிளக்குகூடச் சொருகக் கூடாதாம். நாம ரிப்பேர் பாத்துட்டா, உடைஞ்சதே நம்ம கையிலதான்னு ஆயிருமாம். அவங்க ஆள் வந்து பாத்தபொறவுதான் எல்லாம்.”

“ஆள் எப்ப வருவான்?”

“வருவாங்கன்னுதான் சொல்லுதாங்க. எப்பன்னு சொல்லல.”

டீச்சரின் தம்பி எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, பய அங்க ஏர்போர்ட்ல உக்காந்து அழுதுக்கிட்டு கெடக்கான். அம்மா மூஞ்சிய மட்டும் எனக்குக் காட்டிருங்க மாமாங்கான். நான் அவனுக்கு என்ன சொல்ல?”

தொட்டால் பெட்டி என் தலையில். தொடாவிட்டால் மகன் வந்து பார்ப்பது அவன் அம்மா முகமாக இருக்காது. எத்தனையோ சாவு வீடுகளில் நின்றவன் நான், அந்த வெயிலுக்கு முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாய்க்குப் போன் போட்டேன்.

மொபெட்டை நிறுத்தும்போதே ஆரம்பித்தார். “என்ன அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்காரன் கைய விரிச்சிட்டானோ?” அப்புறம்தான் டீச்சரின் தம்பியைக் கண்டார். வாயை மூடிக்கொண்டு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். குனிந்து பார்த்து, “பைப்பு விட்டிருக்கு. கேஸு ஒரு பொட்டு இல்ல” என்றார். பின் என் பக்கம் திரும்பினார். “நான் கை வச்சிட்டா ஏலம் விட்டவன் தப்பிச்சிருவான். நல்லா யோசிச்சுக்கிடும்வே.”

“யோசிச்சாச்சு. கை வையும்.”

வைத்தார். பைப்பைப் பற்றவைத்து, கேஸ் ஏற்றி, சுவிட்சைப் போட்டார். கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. டீச்சரின் தம்பி போனில் யாரிடமோ, ஐஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாயின் தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. அவர் என்னவோ ஒன்றைக் கழற்றி ஊதி மாட்டினார். இந்தத் தடவை ஓட்டம் நிற்கவில்லை. ரப்பருக்குப் பதிலாக சைக்கிள் டியூபைக் கிழித்து மூடியைச் சுற்றி ஒட்டச் சொன்னதும் அவர்தான். நான் ஒட்டினேன், யோசனை அவருடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை. உள்ளே தகரத்தில் பைய வெண்மை படர்ந்தது. விரிசலின் மேல் அவர் டேப்பை ஒட்டி, “காத்துப் போவாது, தூக்குங்க” என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். இந்தப் பெட்டிகளில் கிடத்துவது எப்போதும் கம்ப்ரசர் பக்கம் கால், எதிர்ப்பக்கம் தலை. விரிசலும் டேப்பும் சரியாக முகத்துக்கு மேலே வந்து நின்றன.

“பாய், மூடியத் திருப்பிப் போடணும்.”

“திருப்பினா டியூபு இங்கன பொருந்தாது. ஒட்டினதப் பிச்சு மறுபடி ஒட்டணும். இப்பந்தான் குளிரு நிக்கி, அதக் கெடுக்கீரே! உமக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“உமக்கு மெஷின் தெரியும் வே. சாவு வீடு எனக்குத் தெரியும். வாறவன் பெட்டியவா பாப்பான்? அம்மா மூஞ்சியத்தான் குனிஞ்சு பாப்பான்.”

டீச்சரின் தம்பி, போதும் அண்ணாச்சி, இப்படியே தாருங்கள் என்று கையைப் பிடித்தார். நான் கேட்கவில்லை. டியூபைப் பிய்த்தேன். பாய் என்னை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே மறுமுனையைப் பிடித்தார். திருப்பி வைத்து, மறுபடி ஒட்டி, பொருந்துகிறதா என்று நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன். பொருந்தியது. விரிசல் கால் பக்கம் போய்விட்டது. பெட்டியை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய், ஸ்டாண்டுக்குப் பதில் என் கடை பெஞ்சுகளைப் போட்டு, பொழுது சாயும் முன் டீச்சரை உள்ளே கிடத்தினோம்.

மறுநாள் மகன் வந்தான். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அப்படியே படுத்துவிட்டான். டீச்சர் தூங்குவதுபோல இருந்தார்கள். அவன் கன்னம் பட்ட இடத்தில் ஒரு கீறல் இல்லை. எழுந்தபோது, பெட்டியைச் சரிபண்ணிக் கொடுத்தது இவர்தான் என்று டீச்சரின் தம்பி பாயைக் காட்டினார். மகன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். நான் வெளியே சாமியானா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏலம் விட்டவன் அப்புறம் எதற்கும் பொறுப்பேற்கவில்லை. பயன்படுத்திவிட்டீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டான், ஸ்டாண்டும் வரவில்லை. போகட்டும். பாய் இந்தக் கதையை மேலப்பாளையத்தில் சொல்லாத டீக்கடை இல்லை. பைப்பு, கேஸு, டியூபு என்று தன் பெருமையை நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். “மூடியத் திருப்பினது மட்டும் அண்ணாச்சி. அதுக்கே மனுசன் ஊரு ஊராப் பீத்திக்கிடுதாரு!” நான் கத்துவேன், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு தடவைகூட அந்த வரியை அவர் விட்டதில்லை.

போன ரம்ஜான் மாதத்தில் பாய் மவுத்தானார். நான் ஆழ்வார்குறிச்சியில் பந்தல் வேலையில் நின்றேன். செய்தி கேட்டுப் போட்டது போட்டபடி கிளம்பி வந்தும், அடக்கம் முடிந்திருந்தது. அவர்கள் மய்யித்தை அடக்காமல் காக்க வைப்பதில்லை. இத்தனை பெட்டி வைத்திருக்கிறவன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லீவில் வந்திருந்த டீச்சரின் மகன் பள்ளிவாசல் முன்னால் நின்று, என் அம்மா முகத்தை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று எல்லோரிடமும் சொன்னான். பைப்பைச் சொன்னான், கேஸைச் சொன்னான், டியூபைச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரியை யாராவது சொல்வார்கள் என்று நான் காத்து நின்றேன். அதை விடாமல் சொன்னவரை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

இந்தக் கதையை இனி யார் சொன்னாலும் பாய் சொன்ன மாதிரி முழுசாகச் சொல்ல வேண்டும். பைப்பு அவர், கேஸு அவர், டியூபு அவர். பெரிதாகவே சொல்லுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூடியைத் திருப்பிப் போட்டது நான். அதையும் சொல்ல வேண்டும்.