கிரான் பொடியன் ஓட்டிய விமானம்

மீன் அரிந்துகொண்டிருந்த கையோடுதான் தொலைபேசியை எடுத்தேன். கிரானிலிருந்து தவநேசனின் தங்கை. "அக்கா, அண்ணன் போயிற்றார்" என்றாள். நான் வாய் திறக்கும் முன் அவளே சொன்னாள்: "நோய் வருத்தம்தான் அக்கா. பிளேன் விழல்ல." வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஐம்பது கடந்த வயதில் செத்தவனைப் பற்றியும் எங்கள் சனம் முதலில் எதைக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டார்களோ.

போர்க்காலத்தில் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு சின்ன விமானம் கொஞ்சக் காலம் பறந்தது. ஒன்பது பேர் இருக்கலாம். அதன் கந்தோரில் நான் வேலை செய்தேன். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி நிறுத்து, பாரம் பார்த்து இருக்கை கொடுப்பது என் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கொழும்பு மகளுக்குக் கொண்டுபோகும் கருவாட்டைச் சேலைக்குள் ஒளிப்பார்கள். தராசைவிட்டு இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஆரு புள்ள ஓட்டுறது? வயது போன ஆளா?"

தவநேசனுக்கு அப்போது இருபத்தாறு. பார்த்தால் இருபது சொல்லலாம். மீசை இன்னும் ஒழுங்காக வரவில்லை. அதனால் கந்தோரில் ஓர் ஏற்பாடு. அவன் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு, பயணிகள் வரும் முன்பே ஏறி இருந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. எஞ்சின் பார்க்கும் நரைத்தலைக்காரர் ஒருவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டி ஏணியடியில் நிறுத்துவோம். சனம் அவரைக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக ஏறும். அவருக்குச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. "கும்பிடு அவருக்கு, பாரம் எனக்கு" என்று தவநேசன் சிரிப்பான்.

வாசலில் காவல் நின்ற சிப்பாய்கள் பயணிகளைவிட அவனைத்தான் கூடுதலாகத் தடவிப் பார்த்தார்கள். தமிழ்ப் பொடியன் கையில் விமானமாம். ஊரிலோ வேறு கதை. சின்ன விமானம் வந்து வட்டம் போட்டால் பின்னால் குண்டு போடுகிறது வரும் என்பது கிரான் சனம் பட்டு அறிந்தது. ஆகவே அவன் வேவு பார்க்கிறவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் அப்பாவின் வட்டை வயலில் அறுவடைக்கு ஒருவரும் போகவில்லை. கதிர் முற்றி உதிர்ந்தது. அவன் என்னிடம் ஒருநாள் சொன்னான்: "அக்கா, என்ர பிளேன் சத்தத்துக்கு ஒருத்தரும் பங்கருக்குள்ள ஓடாத நாள் ஒண்டு வரும்." வந்ததுதான். அப்போது அவன் இந்த நாட்டில் இல்லை.

அவனுடைய அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதை பூட்டிக் கிடந்தது. தராசில் ஏறினாள், முப்பத்தெட்டுக் கிலோ. பாரம் குறைந்தவரை முன்னால், விமானிக்குப் பக்கத்தில் இருத்தலாம். தாயையும் மகனையும் ஒன்றாகப் பார்க்க எனக்கும் ஆசை. "மகன் எண்டு காட்டிக்கொள்ளாதீங்கம்மா" என்று காதுக்குள் சொன்னேன். "ஓம் புள்ள, நான் வாயே திறக்க மாட்டன்" என்றாள்.

வாய் திறக்கவில்லைதான். ஏறி இருந்தாள். மகனைப் பார்த்தாள். அவனுடைய கறுப்புக் கண்ணாடியைத் தானே கழற்றி, சேலைத்தலைப்பால் நெற்றியும் கழுத்தும் துடைத்துவிட்டாள். பின்னால் இருந்த ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள்.

இரண்டாம் வரிசையில் ஒரு பாடசாலை அதிபர். "இதென்ன, தாய் மூஞ்சி துடைச்சு விடுற புள்ளயா எங்களக் கொண்டுபோறது?" என்று எழும்பினார். "இவன் அந்தக் கிரான் பொடியன் எல்லவா!" என்றது இன்னொரு குரல். அதிபர் இறங்கினார். படித்தவர் இறங்கிய பிறகு மற்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஏழு பேரும் வெயிலில் வந்து நின்றார்கள். அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "நான் இருக்கன்தானே? என்ர உசிரும் உசிருதானே?"

அதிபர் என் பக்கம் திரும்பினார். "புள்ள, நீ இவனோட ஒரு நாளாவது போயிருக்கியா? ஒரு சீட் சும்மாதானே கிடக்கு. நீ ஏறு, நாங்களும் ஏறுறம்."

தவநேசன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அவனைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்ந்தவள் நான். "எனக்குக் கந்தோர்ல வேலை இருக்கு சேர்" என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. எனக்குப் பயம்.

ஓர் ஆளுக்காக விமானம் எழும்பாது என்று கந்தோர்ப் பெரியவர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் சண்டை மூண்டது, பத்து நாட்கள் பறப்பு இல்லை. சத்திரசிகிச்சை நாள் போயிற்று. அடுத்த மாதம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு அவன் வேலைக்கு வந்தான். அன்றைய பட்டியலில் அந்த அதிபரின் பெயர் இருந்தது. பாதை இன்னும் பூட்டுத்தானே, வேறு வழி? "இந்தாளை ஏத்துறியாடா?" என்று கேட்டேன். "பயந்தவங்களக் குறை சொல்லி என்ன அக்கா. இறக்கிக் காட்டினாத்தான் நம்புவாங்க" என்றான். பத்திரமாக இறக்கினான். அதிபர் திரும்பி வந்ததும் என்னிடம் நற்சான்று கொடுத்தார்: "பொடியன் பரவாயில்ல." இருந்த காலம் முழுவதும் அவன் விமானத்தில் ஒருவருக்குக் கீறல் விழுந்ததில்லை. அதில் பறக்காத அம்மாதான் செத்தாள்.

நான் ஏன் ஏறவில்லை என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு பொய் சொல்லி ஆறியிருப்பேன்.

இப்போது கிரான் சந்தியில் பதாகை தொங்குகிறது: 'விண்ணை ஆண்ட எங்கள் மண்ணின் மைந்தனே'. மண்ணின் மைந்தனாக அவன் செத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம். தலைமை, அதே அதிபர். எண்பது கடந்தும் குரல் கணீரென்று இருக்கிறதாம். என்னையும் பேசக் கேட்டிருக்கிறார்கள். அவனை அறிந்த நீங்களெல்லாம் வருவீர்கள்.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அம்மா ஏறிய நாளின் பயணிகள் பட்டியல் மட்டும். ஒன்பது வரி. ஏழு பெயர்களை அன்று என் கையால் சிவப்பு மையில் வெட்டினேன். அம்மாவின் பெயரும் முப்பத்தெட்டும் வெட்டாமல் அப்படியே இருக்கின்றன. கூட்டத்தில் அதைத்தான் வாசிக்கப்போகிறேன், தலைவர் பெயரிலிருந்து தொடங்கி. ஒன்பதாவது வரி இத்தனை வருடமும் வெறுமையாகக் கிடந்தது. நேற்று அதில் என் பெயரை எழுதினேன். எழுதி, அதையும் வெட்டினேன்.