டெய்லரக்கா லேப்டாப்பும் பதினெட்டாவது நிமிஷமும்

எங்க தெருவுல இப்போ ஓடுற சேதி இதுதான். டெய்லரக்கா கேம் விளையாடுற வெறியில லேப்டாப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள, பால் பாக்கெட் பக்கத்துல வெச்சுக் குளிர வெக்கிறாங்களாம். தடுக்கப் போன வீட்டுக்காரர வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாங்களாம். இதப் பரப்புனதுல எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு வர்றவங்க காப்பி மட்டுமா எடுத்துட்டுப் போறாங்க? ஆனா நடந்தது வேற. எதிர்க்கடைக்காரன் நான். பாதிய கண்ணால பாத்தேன், மீதிய அவங்க வாயாலயே கேட்டேன்.

அக்காவுக்கு நாப்பத்தாறு வயசு. முன்னறைல தையல் மெஷின், வெட்டுற மேஜை, மேஜை மேல துணி மலை. மலை உச்சில லேப்டாப்பு. தெச்சு முடிச்சதும் ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்துடுவாங்க. அஞ்சு பேர் சேந்து கோட்டையக் காப்பாத்துற விளையாட்டு. வாசல்ல நிக்கிறது அக்கா. அங்க அவங்க பேரு ஊசி. மத்த நாலு பேர் மூஞ்சியக்கூட பாத்ததில்ல, ஆனா யாருக்கு எப்ப சளி புடிச்சிருக்குன்னு குரல வெச்சே சொல்லுவாங்க.

இந்தத் தடவ டீம் பெரிய போட்டிக்குத் தேறிடுச்சு. சரியா அப்பதான் லேப்டாப்பு மக்கர் பண்ணுச்சு. பதினெட்டாவது நிமிஷம் வந்தா படம் திக்கும், உள்ள ஃபேன் கத்தும், பொட்டுனு அணைஞ்சுடும். வாசல்ல ஆளில்லாத கோட்டை என்னாகும்? மூணு ஆட்டம் தோத்தாங்க.

கேப்டன் பையன் நல்லவன்தான், இழுத்து இழுத்துச் சொன்னான். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. சனிக்கிழமை மத்தியானம் முழுசா நாப்பது நிமிஷம் ஆடிப் பாப்போம். நடுவுல போயிட்டீங்கன்னா... வேற ஆளப் போட்டுடுவோம்."

"நான் போக மாட்டேன். நீ வேற ஆள் தேடாம ஆட்டத்தப் பாரு."

மறுநாளே ரிப்பேர் கடைக்குப் போனாங்க. கடைக்காரன் மூடியக்கூட கழட்டல. ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "படம் வரையுற கிராபிக்ஸ் கார்டு போச்சுக்கா. புதுசு வாங்கிடுங்க"ன்னான்.

"போச்சுன்னா பதினெட்டு நிமிஷம் எப்பிடிப்பா ஓடுது?"

"அப்புறம் சூடாயிடுதுல்ல."

"அப்போ சூடு வெளிய போகல. அது ஏன்னு பாக்காம என்னையே வெளிய அனுப்புறியே!"

தூக்கிட்டு வந்துட்டாங்க. சூட்டக் காட்டுற ஒரு நம்பர திரை ஓரத்துல வர வெச்சாங்க. தொண்ணூத்தேழு டிகிரி! படத்தோட தரத்தக் கொறச்சாங்க, அடியில காத்தடிக்கிற பலகை வாங்கி வெச்சாங்க. பதினெட்டு நிமிஷம் இருபத்திரண்டு ஆச்சு, அவ்வளவுதான். பக்கவாட்டு ஓட்டையில கைய வெச்சுப் பாத்தா காத்து சாகப்போற மாதிரி வருது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட குட்டி ஸ்க்ரூடிரைவர் கடன் வாங்கி அடிமூடியத் தெறந்தாங்க. இங்கதான் அக்கா சறுக்குனாங்க. இருபத்தஞ்சு வருஷமா தையல் மெஷின் கத்துனா என்ன பண்ணுவாங்க? எண்ணெய் விடுவாங்க. இதுவும் கத்துதே! விட்டாங்க ரெண்டு சொட்டு, ஃபேன்ல. சத்தம் நின்னுச்சு. என்னையக் கூப்பிட்டு, "கேளு, பூனை மாதிரி இருக்கு"ன்னு பெருமை வேற. அன்னைக்கு ஒம்போதாவது நிமிஷத்துல அணைஞ்சுது.

அன்னைக்குத்தான் அந்த வீட்லேருந்து பெரிய சத்தம். வீட்டுக்காரர் வாசப்படில வந்து நின்னாரு, கதவு டமார்னு சாத்திக்கிச்சு. நான் பாத்தது அவ்வளவுதான். மீதிய தெரு பாத்துக்கிச்சு.

வெள்ளிக்கிழமை தைக்கவே இல்ல அக்கா. மறுபடி தெறந்து, இந்தத் தடவ ஃபேனையே கழட்டிட்டாங்க. அதுக்குப் பின்னாடி, காத்து போற செம்புத் தகட்டு இடுக்குல, கம்பளி மாதிரி கெட்டியா பஞ்சு. எண்ணெயக் குடிச்சு ஊறிக் கெடக்கு. ஊசியால கெளப்பி எடுத்தா அடுக்கடுக்கா வருது. "மேல நீலம், இது ஆஸ்பத்திரி திரைச்சீலை ஆர்டரு. காக்கி, ஸ்கூல் டிரவுசரு. வெள்ளை, நர்ஸ் கோட்டு." ரெண்டு வருஷமா வெட்டுன துணியெல்லாம் அதுக்குள்ள போயிருக்கு! மலை உச்சில வெச்சா பின்ன?

மெஷின் பஞ்ச வாராவாரம் எடுக்கிற பொம்பளை, இதுக்கு எண்ணெய் விட்டோமேன்னு தலைல அடிச்சுக்கிட்டாங்க. ஸ்பிரிட்டு தொட்டு எண்ணெயத் தொடச்சாங்க. சிப்போட சூட்டத் தகட்டுக்குக் கடத்துற பசை காஞ்சு கெடந்துச்சு, அத வழிச்சாங்க. புதுப் பசை வாங்க அதே ரிப்பேர் கடைக்கே போனாங்க.

"இதெல்லாம் நீங்க பண்ணக் கூடாதுக்கா."

"நீ பண்ணியிருந்தா நான் ஏன் பண்றேன்? குடு."

சிப்பு மேல பட்டாணி அளவு பசை. லேப்டாப்புக்கு நாலு மூலையிலயும் காலியான நூல் ரீல் முட்டு. துணி மலைலேருந்து சமையலறை மேடைக்கு இடமாத்தம்.

சனிக்கிழமை மத்தியானம் கடைய மூடிட்டு நானும் போய் ஜன்னலோரம் நின்னேன். வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு நம்பர வாசிக்கிறாரு. "எழுபத்தாறு... எழுபத்தெட்டு..."

"வாய மூடுங்க. நீங்க சொல்லித்தான் ஏறுது."

பதினெட்டு வந்துச்சு. அக்கா தோள் மட்டும் ஒரு தரம் வெறச்சுது. பத்தொம்போது. இருபத்தஞ்சு. எழுபத்தொம்போதுல நின்ன நம்பர் அதுக்கு மேல நகரவே இல்ல. நாப்பதாவது நிமிஷம் அக்கா ஹெட்போனக் கழட்டி மேடைல வெச்சாங்க. அதுலேருந்து கேப்டன் கத்துறது எனக்கே கேட்டுச்சு. "ஊசி மேடம், நாளைக்கு நாலு மணிக்குப் போட்டி! வாசல் உங்களோடதுதான்!"

திங்கக்கிழமை ஜிப்பு மாத்தக் குடுத்த பேன்ட்ட வாங்கப் போனேன். வாய் சும்மா இருக்குமா? "ஏங்கா, அந்த ஃப்ரிட்ஜு விஷயம்..."

அக்கா பேன்ட்ட என் மூஞ்சில எறியாத கொறையா நீட்டுனாங்க.

"ஃப்ரிட்ஜுல வெக்கத் தூக்கிட்டுப் போனது அவரு. நான் புடுங்கிட்டு அவர வெளிய தள்ளுனேன். தள்ளுனது உண்மை. உள்ள வெச்சா ஈரம் கோத்து மொத்தமும் செத்துடும், எனக்கு அது தெரியும். எண்ணெய் விட்டதுதான் நான் பண்ண முட்டாள்தனம். பேசணும்னா அதச் சொல்லிப் பேசு."