கொக்குக்கு எழுதிய உரை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டில் ஒரு பறவை வந்தால் அது வெறும் பறவை இல்லை, அதற்குள் யாரோ ஒளிந்திருக்கிறார்கள், கண்டுபிடித்து எழுது என்பேன். அதற்குத்தான் மதிப்பெண். அந்தப் புத்தி வகுப்பறையோடு நிற்காமல் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போர் போட்டுக்கொண்டே போய், ஏழெட்டு மாதம் கழித்து மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்டாச்சா அம்மிணி?" என்று அவர் கத்துவது பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். மிஷினோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை என்று விட்டுவிடுவேன்.

பொங்கலுக்குப் பிறகு போன் நின்றுபோனது. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. 'டவர் இல்லை' என்று வாட்ஸப்பில் எழுதி வரும். ஒரு நாள் அதே வாட்ஸப்பில் ஒரு கவிதை வந்தது.

கொக்கு வந்தது.
வரப்பில் நின்றது.
பிறகு போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டவர் இல்லாத ஊரிலிருந்து கொக்கு மட்டும் எப்படிப் பறந்து வருகிறது? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மளிகைச் சீட்டைத் தவிர எதையும் எழுதாத மனிதர் இவர். இதையே ஒரு மாணவி எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒன்று போட்டுத் தள்ளியிருப்பேன். புருஷன் எழுதினால் அப்படித் தள்ளிவிட முடியுமா? கொக்கு வெள்ளையாக இருக்கும். வரப்பு என்பது எல்லை. எல்லையில் வந்து நின்ற அந்த வெள்ளைக்காரி யார்?

வாரம் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஓரத்தில் சிவப்பு மையால் உரை எழுதினேன்.

மழை பெய்தது.
தகரக் கூரை நனைந்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரியிலேயே படுத்து எழுகிற ஆளுக்குக் கூரை ஏது? 'யார் வீட்டுக் கூரை?' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அடுத்த வாரம் மயில் வந்தது.

மயில் வாயைத் திறந்தது.
மூடியது.
மரம் சும்மா இருந்தது.

ரிக் ஓடுகிற காட்டில் காக்கை கூட அண்டாது. அப்படியானால் மயில் வருகிற இடத்தில் இவருக்கு என்ன வேலை? ரிக்கில் சமையல் செய்யும் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"அண்ணன் இப்ப மிசினுகிட்டயே வாறதில்லீங்க்கா. அக்கட்டால ஒரு தகரக் கொட்டாயில இருக்கறாருங்க. மத்தத நீங்களே அவருகிட்டக் கேட்டுக்கங்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கூரை உறுதியாகிவிட்டது. அன்றைக்கு வகுப்பில் யாரோ சிரித்ததற்கு எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தேன்.

ஆனி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார். நான் பேசினால் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் சிரித்து ஒரு "ம்". டிவியைப் போட்டால் எழுந்து வெளியே போய்விட்டார். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கொல்லையில் நாற்காலி போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே குயில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன்.

"ஏனுங்க, யாருங்க அவ?"

அசையவில்லை.

"உங்களத்தான் கேக்கறேன். யாரவ?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எங்கள் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இவர் மட்டும் திரும்பவே இல்லை.

நோட்டைப் பிரித்தேன். மயில் வாயைத் திறந்தது, மூடியது. மழை தகரத்தில் பெய்தது, தகரம் நனைந்தது. தகரத்தில் பெய்கிற மழையைப் பற்றி எழுதுகிறவர் யாராவது அது போடும் சத்தத்தை விடுவார்களா? இருபது கவிதை. ஒன்றில்கூட ஒரு சத்தம் இல்லை. வரிக்கு வரி ஒரு பெண்ணைத் தேடிய எனக்கு இது தெரியவில்லை. இவ்வளவு வெட்கமாக என் வாழ்நாளில் நான் நின்றதில்லை.

நிழலைப் பார்த்தோ என்னவோ, திடுக்கிட்டுத் திரும்பினார். "எதாச்சும் கேட்டியா அம்மிணி?" அவர் பார்வை என் வாயில் இருந்தது.

நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டும் போயிருச்சு. மிசினு சத்தம் கேக்காம கைய வெச்சா ஆபத்துன்னு கொட்டாயில உக்கார வெச்சுட்டாங்க. நீ போன் பண்ணுனா வெளிச்சம் மட்டும் வருது, உன்ற குரலு வரல. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. அதான் கண்ணுல பட்டத எழுதிப் போட்டேன். டீச்சரம்மா கண்டுபிடிச்சுருவீன்னு நெனச்சேன்."

கையை மரத்துப் பக்கம் நீட்டினார். "அது கத்துதா இப்ப?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதேன்.

அப்போதுதான் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். திறந்திருந்த பக்கத்தில் தன் வரிகள் இருப்பது தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கியா? குடு, பாக்கறேன்."

காது போன மனிதர். படிக்க நன்றாகத் தெரியும். ஓரமெல்லாம் என் சிவப்பு மை.

நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உதடு தெரியும்படி, மெதுவாகச் சொன்னேன்: "இன்னும் திருத்தி முடிக்கலீங்க."